கரகரக்கும் முக்காலி: மணலிலும் பனியிலும் வரும் பழுதுகளை அறிகுறி கண்டு நீக்கும் முறை

லென்ஸின் மேல் ஒரு தூசி விழுந்தால் பதறுகிற நாம், கடல்நீரில் மூன்று கால்களையும் ஊன்றி நிறுத்திய கேமரா முக்காலியை வீட்டுக்கு வந்ததும் அப்படியே மடக்கி அலமாரி ஓரத்தில் சாத்திவிடுகிறோம். அடுத்த முறை கையில் எடுக்கும்போது, நீட்டிய காலை இறுக்கி நிறுத்தும் பூட்டு கரகரக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. தனுஷ்கோடிக் கடற்கரையிலும், திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியின் செம்மணலிலும், இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிப்பர் கிராமத்தின் பனியிலும் ஒரே முக்காலியை வைத்துப் படமெடுத்ததில் நான் சந்தித்த பழுதுகளையும், அவற்றுக்குப் பலன் தந்த தீர்வுகளையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கால்கள் நீட்டியிருக்கும் வரை மணல் பெரும்பாலும் குழாயின் வெளிப்புறத்தில்தான் ஒட்டியிருக்கிறது, ஈரப்பனியும் அப்படியே. படமெடுத்து முடித்து, இருட்டிவிட்டதே என்ற அவசரத்தில் காலை உள்ளே தள்ளுகிறோமே, அந்த ஒரு தள்ளலில்தான் வெளியே இருந்தது பூட்டுக்குள் புகுகிறது. கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்: நீட்டிய கால் நீட்டியபடியே இருக்கட்டும், இறுகிய பூட்டைப் பலம்கொண்டு திருக வேண்டாம்.

பூட்டைத் திருகும்போது கரகரவென்று ஒலிக்கிறது

இதுவே மிகப் பரவலான புகார். ட்விஸ்ட் லாக் எனப்படும் திருகுப் பூட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம். நெம்பி மூடும் ஃப்ளிப் லாக் பூட்டுகளில் மணல் தங்குவதற்கு இடம் குறைவு, தண்ணீர் ஊற்றினாலே பெரும்பாலும் வெளியேறிவிடும்.

ஒலி எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பூட்டின் வளையத்தைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் மணல் மரையில், அதாவது திருகுச் சுற்றுகளில் இருக்கிறது. வளையம் மெத்தென்று சுழன்று, குழாயை இழுக்கும்போது மட்டும் உரசல் கேட்டால், குழாய்க்கும் அதைப் பிடிக்கும் நெகிழிப் பட்டைகளுக்கும் இடையே மணல் சிக்கியிருக்கிறது. முதலாவது தொல்லை, இரண்டாவது ஆபத்து. கடற்கரை மணலில் பெரும்பங்கு வகிக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவையில் 7. அலுமினியம் 3-ஐக்கூட எட்டாது. மேலே பூசப்பட்ட மெல்லிய ஆக்சைடு படலம் சிறிது காலம் தாங்கும். அது தேய்ந்தபின், ஒவ்வொரு முறை காலை இழுக்கும்போதும் குழாயின் நீளவாக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீர்கள் என்றே பொருள். கார்பன் குழாயிலும் மேற்பூச்சில் கோடுகள் விழும்.

நான் இதைக் கற்றது தனுஷ்கோடியில். கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று மூன்று கால்களையும் நனைந்த மணலோடு படபடவென உள்ளே தள்ளினேன். ராமேசுவரத்து விடுதியில் காலை மறுபடி இழுத்தபோது எழுந்த ஒலி இன்னும் காதில் இருக்கிறது. குழாயில் விழுந்த மூன்று கோடுகளும் இன்னும் இருக்கின்றன.

களத்தில் இருக்கும்போதே கரகரப்பு தொடங்கினால் அந்தப் பூட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, வேறு பூட்டுகளால் உயரத்தைச் சரிசெய்துகொண்டு வேலையை முடியுங்கள். திரும்பும்போது அந்தக் காலை நீட்டியபடியே வண்டியில் ஏற்றுங்கள். பேருந்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தங்குமிடத்துக்கு வந்தபின், பூட்டுகள் அனைத்தும் இறுகியிருக்கும் நிலையிலேயே, நல்ல தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றி வெளிப்புறத்தைக் கழுவ வேண்டும். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பல இடங்களில் குழாய்த் தண்ணீரே உப்பாக இருப்பதால், கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் மணலைத் தோண்டி எடுக்கும் ஊற்றுநீர் அவர்களுடைய குடிநீர். முக்காலி கழுவ அதைக் கேட்காதீர்கள், 2 லிட்டர் பாட்டில் ஒன்றை நீங்களே கொண்டு போங்கள். கழுவிய பின் துணியால் துடைத்து, வெளிப்புறம் காய்ந்ததும்தான் பூட்டைத் திறக்க வேண்டும். ஈரத்தோடு திறந்தால் மீதமிருக்கும் மணலைத் தண்ணீரே உள்ளே அழைத்துச் சென்றுவிடும்.

பிரித்துச் சுத்தம் செய்ய வெளிர்நிறத் துண்டு ஒன்றைத் தரையில் விரித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டுமே பிரிக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் பிரித்தால் தேய்மானம் வேறுபட்ட பாகங்கள் இடம் மாறிவிடும். அதற்குப் பிறகு எந்தக் காலும் முன்போல இறுகாது. பூட்டு வளையத்தை முழுவதுமாகக் கழற்றிக் கீழ்க் குழாயை மெதுவாக உருவினால், அதன் மேல்முனையைத் தழுவியபடி இரண்டு பாதி நெகிழிப் பட்டைகள் வரும். ஷிம் என்று சொல்லப்படுபவை இவைதாம். பெரும்பாலான மாதிரிகளில் இவற்றின் உட்புறத்தில் உள்ள சிறு குமிழ் குழாயிலுள்ள துளையில் பொருந்தியிருக்கும். அவற்றுக்குக் கீழே, வளையம் இறுகும்போது குழாயை நெரித்துப் பிடிக்கும் கூம்பு வடிவ நெகிழி வளையம் இருக்கும். எது மேலே, எது கீழே, எந்த முகம் வெளியே என்பதை ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நினைவிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மரையில் உள்ள பழைய கிரீஸில்தான் மணல் ஒட்டியிருக்கும். உலர்ந்த துணியால் முதலில் வழித்து எடுத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரும் கொண்டு மரையின் ஒவ்வொரு சுற்றையும் தேய்க்க வேண்டும். குழாயின் உட்புறத்தை ஒரு நீளக் குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள். தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையால் தட்டினால் எஞ்சிய மணல் விழும். பின்பு ஓர் இரவு முழுவதும் நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ அமிழ்த்தாதீர்கள். நெகிழிப் பாகங்களும், குழாயை மூட்டோடு ஒட்டியிருக்கும் பசையும் கெடக்கூடும்.

காய்ந்தபின் மரையில் மட்டும், நீரில் கரையாத கிரீஸை விரல்நுனியால் மிக மெல்லியதாகப் பூசுங்கள். படகு இயந்திரங்களுக்குப் போடும் கிரீஸ் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பாம்பன், தூத்துக்குடி போன்ற மீன்பிடி ஊர்களில் எளிதில் கிடைக்கும். தெளிப்பு எண்ணெய் வேண்டாம்: அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டு, அடுத்த முறை வரும் தூசிக்கு ஒட்டுமிடமாக இருக்கும்.

பூட்டு இறுகிய பின்னும் கால் நழுவி இறங்குகிறது

சுத்தம் செய்து பூட்டிய மறுநாளே இது தொடங்கினால் குற்றம் கிரீஸின்மேல் இருக்கலாம். ஷிம் பட்டைகளும் கூம்பு வளையமும் உராய்வால்தான் குழாயைப் பிடிக்கின்றன. அங்கே கிரீஸ் பட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். மறுபடி பிரித்து, அந்த இரண்டையும் குழாயின் மேற்பரப்பையும் சோப்பு நீரால் கழுவித் துடைத்துப் பூட்டுங்கள். ஷிம்மின் ஒரு பாதி தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும். அப்போது காலை முழுவதும் நீட்டினால் பூட்டுக்கு மேலே குழாய் சற்று ஆடுவதைக் கையால் உணரலாம்.

சுத்தமாகவும் சரியாகவும் பூட்டிய முக்காலி குளிரில் மட்டும் நழுவினால் காரணம் சுருக்கம். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாய், நம் ஊர் 30 பாகை செல்சியஸிலிருந்து மைனஸ் 20 பாகைக்குப் போகும்போது ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் சுருங்கும். நெகிழி பல மடங்கு அதிகமாகச் சுருங்கும், கார்பன் குழாயோ அனேகமாகச் சுருங்குவதே இல்லை. மூன்றும் மூன்று விதமாகச் சுருங்குவதால், விடுதி அறையில் இறுக்கிய பூட்டு வெளியே போய் அரைமணி நேரத்தில் தளர்ந்திருக்கும். முக்காலியை வெளியே வைத்து அரைமணி ஆறவிட்டு, எல்லாப் பூட்டுகளையும் ஒரு முறை மறுபடி இறுக்கிவிட்டுப் பிறகு கேமராவை ஏற்றுங்கள். திரும்பிச் சூடான அறைக்கு வரும்போது அவை மேலும் இறுகிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்; வெறிகொண்டு இறுக்கிய பூட்டு அங்கே உங்களோடு மல்லுக்கட்டும்.

ஃப்ளிப் லாக் பூட்டு நழுவினால், அதன் பக்கவாட்டுத் திருகை ஆலன் கீ என்னும் அறுகோணச் சாவி கொண்டு கால் சுற்று இறுக்கினால் போதும். ஆனால் கடுங்குளிரில் அந்த நெம்புகோலை ஓங்கித் தட்டி மூடக் கூடாது. குளிரில் நெகிழி எளிதில் முறியும்.

பூட்டு அசையவே மறுக்கிறது

வெப்பமான ஊரில் என்றால் உப்பு. உறைநிலைக்குக் கீழே என்றால் பனிக்கட்டி. இரண்டுக்கும் மருந்து வேறு.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியானபின் அது மரையிடுக்கில் படிகமாகித் திருகை இறுக்கிவிடும். உப்பு தண்ணீரில் கரையும் என்ற எளிய உண்மையே இங்கு வழி: பூட்டு மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நல்ல நீரில் காலை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நீரை மாற்றி மறுபடி ஊறவிடுங்கள். பிறகு, ஜாடி மூடியைத் திறக்கப் பயன்படுத்தும் ரப்பர் விரிப்பையோ சைக்கிள் டியூப் துண்டையோ வளையத்தில் சுற்றி, இரு திசைகளிலும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். இடுக்கியால் பிடித்தால் வளையம் நசுங்கி வட்டம் கெட்டுவிடும். அதன் பிறகு அது திறந்தாலும் பயனில்லை. ஊறவைத்த காலை அன்றே பிரித்து, மேலே சொன்னபடி உலர்த்திப் பூட்ட வேண்டும்.

பனிக்கட்டியால் இறுகிய பூட்டுக்கு வெந்நீர் ஊற்றும் யோசனை எல்லோருக்கும் வரும். ஊற்றாதீர்கள். உருகிய நீர் இன்னும் உள்ளே இறங்கி, சில நிமிடங்களில் முன்பைவிடக் கெட்டியாக உறையும். கையுறை அணிந்த இரு கைகளாலும் வளையத்தை இரண்டு மூன்று நிமிடம் பொத்திப் பிடியுங்கள். வேதிப்பொருளால் சூடாகும் கைச்சூட்டுப் பை இருந்தால் அதைப் பூட்டின்மேல் வைத்துத் துணியால் கட்டுங்கள். பூட்டு இளகியதும் காலை மடக்கிவிட மனம் துடிக்கும். உள்ளே ஈரம் இருப்பதால் நீட்டியபடியே அறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

இந்தத் தொல்லை வராமலிருக்க ஒரு வழி உண்டு. சமதரையில் எல்லோரும் மேலிருக்கும் தடித்த பகுதியை முதலில் நீட்டுவோம், அதுவே உறுதியும்கூட. மணலிலும் நீரிலும் பனியிலும் இதைத் தலைகீழாக்கி, கீழே இருக்கும் மெல்லிய பகுதியை முதலில் முழுவதுமாக நீட்ட வேண்டும். அப்போது கீழ்ப்பூட்டு தரையிலிருந்து 30, 40 சென்டிமீட்டர் மேலே வந்துவிடும். அலையும் பனியும் எட்டாத உயரம் அது. உறுதி சற்றுக் குறையும், பூட்டு பிழைக்கும். தேரியில் மட்டும் இது போதாது. ஆனி, ஆடிக் காற்றில் செம்மணலின் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான் பறக்கிறது என்றாலும், நுண்ணிய தூசி இடுப்பளவுக்கும் எழுகிறது. ஸ்கூட்டர் டியூபில் ஒரு சாண் நீளத் துண்டு வெட்டி, பூட்டின் மேலும் கீழும் மூடும்படி காலில் ஏற்றிவிட்டேன். அன்று உள்ளே ஒரு பொட்டுத் தூசி போகவில்லை. கால்களுக்கு முழு நெகிழிப்பை கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. உலர்மணலில் சரி, அலையில் வேண்டாம்: பைக்குள் இருக்கும் காற்று காலை மிதக்கச் செய்யும்.

முக்காலி அசையாமல் நிற்கிறது, படம் மட்டும் கலங்கி வருகிறது

கேமராவின் திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அதில் ஒரு கூர்மையான விளிம்பை அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். விளிம்பு துடிதுடித்தால் காற்று. ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் முக்காலி புதைகிறது. அவ்வப்போது சட்டென்று குதித்தால் அலை, அல்லது பக்கத்தில் நடப்பவரின் காலடி.

புதைவதற்கான காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் பாதங்கள் மூன்றுக்கும் சேர்த்துப் பரப்பு 21 சதுர சென்டிமீட்டர்தான். கேமராவோடு 6 கிலோ எடை என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 280 கிராம் அழுத்துகிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் இரு காலிலும் நிற்கும்போதுகூட அழுத்தம் 200 கிராமுக்குள்தான் இருக்கும். நாம் புதையாத மணலில் முக்காலி புதைவது இதனால்தான். ஆகவே ஒன்று, பரப்பைக் கூட்ட வேண்டும். அல்லது, இனிப் புதைய இடமில்லாத ஆழத்துக்கு முன்கூட்டியே அழுத்திவிட வேண்டும்.

உலர்மணலில் முதல் வழி. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பெயிண்ட் டப்பா மூடிகள் மூன்றைப் பாதங்களுக்கு அடியில் வைத்தால் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மூடியின் விளிம்பு மேல்நோக்கி இருக்கட்டும், பாதம் வழுக்காது. விலை கொடுத்து வாங்கும் அகலப் பாதங்களும் இருக்கின்றன. அவற்றின் வேலையும் இதுவே.

அலை வந்து போகும் ஈரமணலில் இரண்டாவது வழி. ஈரமணல் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அலை வடியும்போதும் காலைச் சுற்றிய மணலை அது அரித்துக்கொண்டு போகிறது. ரப்பர் பாதத்தை உள்ளிழுத்துக் கூர்முனையை வெளியே எடுத்து, முக்காலியின் தோள்பகுதியை இரு கைகளாலும் பிடித்து, இடவலமாகச் சற்றுத் திருகியபடி, இனி இறங்காது என்னும் வரை ஊன்றுங்கள். கேமராவை ஏற்றாமல் இரண்டு அலைகளை விட்டுப் பாருங்கள். சாய்ந்தால் மறுபடி அழுத்துங்கள். நீண்ட நேர ஒளிப்பதிவை அலை வடிந்த பிறகு தொடங்கி, அடுத்த அலை காலைத் தொடும் முன் முடித்துவிட வேண்டும். அலை காலில் மோதிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படும் முப்பது நொடிப் படம் அரிதாகவே தெளிவாக வரும்.

காற்றுக்கு நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடுவார்கள். அந்தரத்தில் தொங்கும் பை ஊசலாடி அதிர்வைக் கூட்டும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல் கேமரா மட்டும் மெல்ல ஆடினால், முக்காலியின் உச்சியில் கேமராவைத் தாங்கும் தலையில் பொருத்தும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பிடிப்பானின் தாடையில் ஒரே ஒரு மணற்பருக்கை இருந்தாலும் தகடு முழுதாகப் படியாது. அது இறுகியதுபோலக் காட்டும், ஆனால் இறுகாது. கேமரா கீழே விழும் வாய்ப்பும் உண்டு. ஒவ்வொரு முறையும் தகட்டை ஏற்றும் முன் தாடையை ஊதியோ, பிரஷ்ஷால் தட்டியோ துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பனிக்குள் ஊன்றினால் கால்கள் அகன்றுகொண்டே போகின்றன

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முக்காலியை அடியோடு உடைப்பது இதுதான். கால்கள் மேலும் விரியாமல் நிறுத்தும் தடுப்புவரை அவற்றை முழுவதும் விரித்து ஆழமான பனியில் வைத்து மேலிருந்து அழுத்தினால், ஒவ்வொரு காலும் தன் சாய்வுத் திசையிலேயே வழுக்கி வெளிநோக்கிப் போக முயலும். தடுப்பு அதை அனுமதிக்காது. அழுத்தும் விசை முழுவதும் கால்கள் சேரும் வார்ப்பின் மூட்டில் ஏறி, ஒரு கட்டத்தில் அங்கே விரிசல் விழும். கிப்பரில் பனிச்சிறுத்தைக்காகப் பள்ளத்தாக்கின் விளிம்பில் என்னோடு காத்திருந்தவர் ஒருவரின் முக்காலியில் இப்படித்தான் மூட்டு பிளந்தது. 600 மில்லிமீட்டர் லென்ஸை அன்று முழுவதும் பாறைமேல் முதுகுப்பையைக் கிடத்தி அதன்மேல் வைத்துத்தான் எடுத்தார்.

சரியான முறை: கால்களைத் தடுப்புவரை விரிக்காமல், பாதியளவுக்கும் குறைவாக விரித்து ஊன்ற வேண்டும். இறங்க இறங்க அவை தாமாகவே அகன்று, அடியில் கெட்டித் தளம் கிடைக்கும்போது ஏறத்தாழச் சரியான கோணத்துக்கு வந்து நிற்கும். அடியில் கெட்டித் தளமே அகப்படாத பனியில் வேறு வழி இருக்கிறது. நிற்கப்போகும் இடத்தை முதலில் பூட்ஸ் காலால் நன்றாக மிதித்துத் தளமாக்கிவிட்டு, கால்மணி நேரம் தேநீர் குடியுங்கள். கலைத்து அழுத்தப்பட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக்கொள்ளும். மிதித்த உடனே இருந்ததைவிடப் பல மடங்கு கெட்டியான தரை கிடைக்கும். அதன்மேல் பெயிண்ட் மூடிகளும் வேலை செய்யும்.

மிதித்த பனியிலோ உறைந்த ஏரியின்மேலோ வைத்த முக்காலி முதல் பத்து நிமிடம் மெல்ல இறங்கினால், அது வண்டியின் சூட்டோடு வந்திருக்கிறது. வெதுவெதுப்பான பாதம் பனியை உருக்கிக் குழி தோண்டும். பின்பு அந்தக் குழியிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே வெளியே கிடத்தி ஆறவிடுங்கள். ஒட்டிவிட்ட பாதத்தை மேல்நோக்கிப் பிடுங்காமல், காலணியின் பக்கவாட்டால் மெதுவாகத் தட்டி விடுவியுங்கள். வழுவழுப்பான பனிக்கட்டியில் ரப்பர் பாதம் சறுக்கும், கூர்முனைதான் சரி.

தலை இறுகிக்கொண்டது, அல்லது விட்டுவிட்டு நகர்கிறது

குளிரில் என்றால் உள்ளிருக்கும் கிரீஸோ, வீடியோத் தலைகளில் இழுவை தரும் திரவமோ கெட்டியாகியிருக்கிறது. பழுது ஒன்றுமில்லை. கேமராவை ஏற்றும் முன் இருபது முறை இப்படியும் அப்படியும் சுழற்றி, இழுவை அளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். வெப்பமான ஊரில், மணலுக்குப் பின் இறுகினால் அது பழுதுதான். பந்துத்தலையின் கழுத்தில் மணல் இறங்கியிருக்கும். பந்தைச் சுத்தமான, சற்றே ஈரமான துணியால் துடைத்து, சுழற்றி, மறுபடி துடையுங்கள். பந்தில் எண்ணெய் விட்டால் அது கேமராவின் எடையைத் தாங்காமல் வழுக்கிவிடும். தலையைப் பிரிப்பதை மட்டும் நான் வீட்டில் செய்வதில்லை. கால்களைப் போல் அது எளிதில் பழையபடி சேராது.

மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது

உப்பு என்று எண்ணித் துடைத்தும் மறுபடி மறுபடி வந்தால் அது அலுமினியத்தின் அரிப்பு. எஃகுத் திருகோ கார்பன் குழாயோ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் தங்கினால், அந்த இடம் ஒரு சிறு மின்கலமாகி அலுமினியத்தைத் தின்னத் தொடங்குகிறது. கார்பன் முக்காலிக்குத் துரு இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள், அதன் வார்ப்பும் வளையமும் பெரும்பாலும் அலுமினியம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நல்ல நீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, முழுவதும் உலர்த்துங்கள். கழற்ற முடிகிற திருகுகளைக் கழற்றி, மரையில் சிறிது கிரீஸ் தொட்டுப் பூட்டினால் உப்புநீர் நுழைய இடமிருக்காது. குழாயை வார்ப்போடு ஒட்டிய இடத்திலேயே பொடி பூத்து, அங்கே சிறு ஆட்டமும் இருந்தால், அந்தக் காலை மாற்றுவதுதான் வழி. பசைபோட்டு ஒட்டிய கால் கனமான லென்ஸைத் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அறைக்குள் கொண்டுவந்ததும் முக்காலிக்கு வியர்க்கிறது

அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும் அறைக்குள் மைனஸ் 20 பாகையிலிருந்து ஓர் உலோகக் குழாய் வந்தால், அறைக் காற்றின் ஈரமெல்லாம் அதன்மேல் பனித்துளியாகப் படியும், குழாயின் உட்புறத்திலும்தான். மறுநாள் விடியலில் வெளியே எடுத்துப் போனால் அந்த ஈரம் பூட்டுக்குள் உறைந்து, மேலே சொன்ன அசையாத பூட்டு உருவாகும். மறுநாளும் படமெடுக்கப் போகிறீர்கள் என்றால் பனியைத் தட்டிவிட்டு, அடுப்பில்லாத முன்னறையிலேயே இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். குளிரிலேயே கிடக்கும் முக்காலிக்கு வியர்க்காது. உள்ளே கொண்டுவந்துதான் ஆக வேண்டும் என்றால், வாசலுக்கு வெளியிலேயே பெரிய நெகிழிப்பையில் போட்டு வாயைக் கட்டி, அறைச்சூட்டுக்கு வரும் வரை இரண்டு மணி நேரம் பிரிக்காமல் வையுங்கள். பிறகு கால்களை முழுவதும் நீட்டி, பூட்டுகளைத் தளர்த்தி, தலைகீழாகச் சாத்திவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வடிந்துவிடும்.

குளிரில் வெறுங்கையால் அலுமினியக் காலைப் பிடித்தால், ஈரமான தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். மேல் பகுதியில் ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை உறையை வெட்டிச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு முழத்தின் விலை மிகக் குறைவு. ஊருக்குத் திரும்பி வெயிலில் நின்றாலும் அதே உறை கையைச் சுடாமல் காக்கும்.